சூசன் அந்தோணி அம்மையார்

தோற்றுவாய்

வீட்டிற்குக் கடைக்கால் எத்தகையதோ, நாட்டிற்கு அரசியலமைப்புச் சட்டம் அத்தகையது. கடைக்கால் செவ்விதின் அமையாத வீடு, மேலே எத்துணை மாடங்களும் சுதை வேலைப்பாடுகளும் பெற்றிருப்பினும், நெடுநாள் நிலைத்து நில்லாது. அதுபோலவே, மக்களுள் ஒரு சாராரை ஒதுக்கி வைத்து வகுக்கப்பட்ட சட்டமும் குறையுடையதே ஆகும். அச்சட்டத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் கோடிக்கணக்கான மக்களின் வாழ்வைத் தாங்கி நிற்பது. ஒரு சொல் மிகுந்தால் சிலருக்கு வாயில் அடைபடும். ஒரு சொல் குறைந்தால் சிலருக்குப் பாதுகாப்பு இல்லாதொழியும். இவ்வுண்மையை நன்குணர்ந்து, தம் நாட்டு அரசியலமைப்பில் பெண்மக்களின் உரிமையைப் பொறிக்கும் பொருட்டு, அரை நூற்றாண்டிற்கு மேல் அயராது உழைத்த பெருமாட்டி ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவரே சூசன் அந்தோணி அம்மையார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பு 1787ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் வரையப்பட்டு, 1789ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. மக்களாட்சிக்கு வழிகாட்டி எனப் பலராலும் போற்றப்படுவது அது. எனினும், யார் யார் வாக்களிக்கலாம் என்பதை அது வரையறுத்துக் கூறவில்லை. அதனை அந்தந்த மாநிலத்தின் விருப்பிற்கே விட்டுவிட்டது. மாநிலங்களோ ஆடவர்க்கே அவ்வுரிமையை வழங்கின. நியூ ஜெர்சி என்னும் மாநிலத்தில் மட்டும் சொத்துடைய பெண்டிர் சிலர் சிறிது காலம் வாக்களித்து வந்தனர். 1807ஆம் ஆண்டில் அவ்வுரிமையும் பறிக்கப்பட்டது.

இல்லாதிருந்தது வாக்குரிமை மட்டுமோ? மணமான பெண், சட்டத்தின் பார்வையில் தனியொருத்தியாகவே கருதப்படவில்லை. அவள் பிறந்தகத்திலிருந்து கொணர்ந்த பொருளும், தன் கையால் உழைத்து ஈட்டிய கூலியும் கணவனுக்கே உரியனவாயின. தன் பெயரால் ஒப்பந்தம் செய்துகொள்ளவோ, வழக்குத் தொடுக்கவோ அவளால் இயலாது. பத்து மாதம் சுமந்து பெற்ற குழந்தைகளின் மீதும் தந்தைக்கே முதலுரிமை இருந்தது. இத்தகைய காலத்தில்தான் சூசன் தோன்றினார்.

பிறப்பும் இளமையும்

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஆடம்ஸ் என்னும் சிற்றூரில், 1820ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் சூசன் பிறந்தார். இவர்தம் தந்தையார் டேனியல் அந்தோணி. தாயார் லூசி அம்மையார். தந்தையார் பஞ்சாலை நடத்தி வந்தவர். குவேக்கர் என்னும் கிறித்தவ சமயப் பிரிவைச் சார்ந்தவர். அப்பிரிவினர் ஆடம்பரத்தையும் போரையும் வெறுப்பவர். அவர்தம் வழிபாட்டுக் கூட்டங்களில் ஆடவரைப் போலவே பெண்டிரும் எழுந்து பேசலாம். பெண்ணும் பேசத் தக்கவள், அவள் சொல்லும் கேட்கத் தக்கது என்னும் எண்ணம் சூசனுக்கு இளமையிலேயே வேரூன்றியது இதனாலேயே எனலாம்.

சூசனுக்கு ஆறு வயதானபோது அக்குடும்பம் நியூயார்க் மாநிலத்துப் பேட்டன்வில் என்னும் ஊரில் குடியேறியது. அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியர், சிறுவர்க்குக் கற்பித்த பெரிய வகுத்தல் கணக்கைச் சூசனுக்குக் கற்பிக்க மறுத்தார் என்பர். பெண்ணுக்கு அத்துணைக் கணக்கு எதற்கு என்பது அவர் கருத்துப் போலும்! இதனை அறிந்த தந்தையார் வாளா இருந்தாரல்லர். தம் இல்லத்திலேயே ஒரு பள்ளியை அமைத்துத் தம் மக்கள் அனைவரும் வேறுபாடின்றிக் கற்க வழி செய்தார்.

1837ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டைப் பெரும் பொருள் நெருக்கடி ஒன்று தாக்கியது. வங்கிகள் பல வீழ்ந்தன, தொழில்கள் நலிந்தன. டேனியல் அந்தோணியும் பெருங்கடனுக்கு ஆளானார். வீட்டுப் பொருள்கள் யாவும் ஏலத்திற்கு வந்தன. அவற்றுள் லூசி அம்மையாருக்கு அவர்தம் பெற்றோர் அன்புடன் அளித்த பொருள்களும் அடங்கியிருந்தன. மனைவியின் பொருள் கணவனின் பொருளே என்று சட்டம் கூறியமையால், கணவர் பட்ட கடனுக்கு அவையும் ஈடாயின. நல்லூழாகத் தாய்மாமன் ஏலத்தில் அவற்றை எடுத்துத் தம் உடன்பிறந்தாரின் குடும்பத்திற்கே மீட்டுக் கொடுத்தார். சட்டநூல்கள் கற்பியாத பாடத்தைச் சூசனுக்கு அன்றைய ஏலம் கற்பித்தது.

ஆசிரியப் பணி

குடும்பத்தின் வறுமையைத் துடைக்கும் பொருட்டுச் சூசன் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். பின்னர், 1846ஆம் ஆண்டில், கனஜோகரி என்னும் ஊரில் இருந்த பள்ளியில் பெண்கள் பிரிவின் தலைமையாசிரியராக அமர்ந்து, ஏறக்குறைய மூன்றாண்டுகள் பணியாற்றினார். கற்பிக்கும் பாடம் ஒன்று. உழைக்கும் நேரம் ஒன்று. ஆயினும் ஊதியம் ஒன்றாக இல்லை. ஆடவ ஆசிரியர் பெற்றதில் ஒரு சிறு பகுதியே பெண் ஆசிரியர்க்குக் கிடைத்தது. இவ்வேற்றுமை சூசனின் நெஞ்சை முள்ளெனத் தைத்தது.

1853ஆம் ஆண்டில் நியூயார்க் மாநில ஆசிரியர் மாநாடு ராச்செஸ்டர் நகரில் கூடியது. அவையில் இருந்தோருள் பெரும்பாலோர் பெண்களே. எனினும், அவர்கள் வாய் திறவாது ஓரமாக அமர்ந்திருந்தனர். ஆசிரியத் தொழிலுக்கு மற்றத் தொழில்களைப் போன்ற மதிப்பு இல்லாமைக்குக் காரணம் யாது என்பது குறித்து ஆடவர் நெடுநேரம் வாதிட்டனர். அப்பொழுது சூசன் எழுந்து, தாமும் ஒரு சொல் கூற இசைவு வேண்டினார். அவை திகைத்தது. பெண்ணொருத்தி பேசலாமா என்பது குறித்தே அரைமணி நேரம் வாதம் நிகழ்ந்தது. அமர்ந்தால் எங்கே வாய்ப்பு நழுவிவிடுமோ என அஞ்சி, அவ்வளவு நேரமும் சூசன் நின்றவாறே இருந்தார். இறுதியில் இசைவு கிடைத்தது. வழக்கறிஞர், மருத்துவர், சமய குரு ஆகிய தொழில்களுக்குப் போதிய அறிவு பெண்ணுக்கு இல்லை என்று கூறும் உலகம், ஆசிரியத் தொழிலுக்கு மட்டும் அவளைத் தக்கவளாகக் கொள்கின்றது. ஆதலின் அத்தொழிலை மேற்கொண்ட ஒவ்வோர் ஆடவரும் தமக்குப் பெண்ணினும் மிகுதியான அறிவு இல்லை என ஒப்புக்கொள்பவராகவே ஆகின்றார் என்று அவர் சுருங்கக் கூறி அமர்ந்தார். பெண்ணின் உழைப்புக்கு மதிப்பு இல்லாத இடத்தில், அவளோடு ஒத்த பணி செய்யும் ஆடவன் உழைப்பும் மதிப்பிழக்கும் என்பதே அவர் உணர்த்திய உண்மை.

அரிய நட்பு

மதுவினால் குடும்பங்கள் அழிவதைக் கண்டு வருந்திய சூசன், மதுவிலக்கு இயக்கத்திலும் ஈடுபட்டார். குடிகாரக் கணவன் மனைவியின் கூலியைப் பறித்துச் சென்று குடித்தால், அதனைத் தடுக்க அவளுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1852ஆம் ஆண்டில் ஆல்பனி நகரில் கூடிய மதுவிலக்குக் கூட்டத்தில் அவர் பேச எழுந்தபோது, பெண்கள் கேட்டுக் கற்பதற்கே அழைக்கப்பட்டனர் என்று தடுக்கப்பட்டார். அவர் உடனே அவையினின்று வெளியேறினார். உரிமை இல்லாத பெண் எந்த நன்மையையும் செய்ய இயலாது என்பது அவருக்கு அன்று உள்ளங்கை நெல்லிக்கனியாக விளங்கியது.

இதற்கு முன்னரே, 1848ஆம் ஆண்டில், செனிகா பால்ஸ் என்னும் ஊரில் பெண்ணுரிமை மாநாடு ஒன்று கூடியிருந்தது. ஏறக்குறைய 300 பேர் கூடிய அம்மாநாட்டில், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் தீர்மானத்தைக் கொணர்ந்தவர் எலிசபெத் கேடி ஸ்டாண்டன் அம்மையார். அவரைச் சூசன் 1851ஆம் ஆண்டில் சந்தித்தார். அன்று தொடங்கிய நட்பு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஸ்டாண்டன் அம்மையார் எழுத்து வன்மை மிக்கவர். ஏழு மக்களைப் பெற்ற தாய். ஆதலின், அவர் வீட்டை விட்டு நெடுந்தொலைவு செல்லுதல் அரிது. சூசனோ மணம் புரியாதவர். ஊர் ஊராகச் செல்லவும், கூட்டங்களை அமைக்கவும், எதிர்ப்பைத் தாங்கவும் வல்லவர். சூசன் தோழியின் இல்லம் சென்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். அந்நேரத்தில் ஸ்டாண்டன் அம்மையார் சொற்பொழிவை எழுதி முடிப்பார். அதனைச் சூசன் நாடெங்கும் எடுத்துச் செல்வார். ஒருவர் வில்லாகவும் மற்றவர் அம்பாகவும் அமைந்து தொண்டாற்றினர்.

மணமான பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்னும் விண்ணப்பத்தில் கையொப்பம் பெறுவதற்காக, 1855ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் 60 மாவட்டங்களுள் 54 மாவட்டங்களுக்குச் சூசன் சென்றார். கடும் பனி உறைந்த குளிர்காலத்தில் தன்னந்தனியே வண்டியேறிச் சென்று வீட்டு வாயில்தோறும் நின்றார். தம் கணவர் தமக்கு வேண்டுவனவெல்லாம் செய்கின்றார் என்று கூறிக் கதவை அடைத்த பெண்டிரும் உண்டு. அதற்காக அவர் மனம் தளரவில்லை. இம்முயற்சியின் பயனாக, பெண் ஈட்டும் ஊதியம் அவளுக்கே உரியது, குழந்தைகளின் மீது தாய்க்கும் உரிமை உண்டு என்னும் சட்டம் 1860ஆம் ஆண்டில் அம்மாநிலத்தில் நிறைவேறியது.

எனினும், இரண்டே ஆண்டுகளில், 1862ஆம் ஆண்டில், சட்டமன்றம் அச்சட்டத்தின் சில பகுதிகளை நீக்கிவிட்டது. வாக்களிக்கும் உரிமை இல்லாதவரைக் கேட்க வேண்டும் என்னும் கடப்பாடு சட்டமன்றத்தார்க்கு இல்லை. பிறர் கொடுத்த உரிமையைப் பிறர் எடுத்துக்கொள்ளுதலும் எளிது. ஆகவே, பெண்ணின் பிற உரிமைகள் அனைத்திற்கும் வாக்குரிமையே வேலியாகும் எனச் சூசன் தெளிந்தார்.

ஒரு சொல் செய்த கேடு

அமெரிக்க நாட்டில் அந்நாளில் கறுப்பின மக்கள் அடிமைகளாக விற்கவும் வாங்கவும் பட்டனர். இக்கொடுமையை ஒழிக்கவும் சூசன் பாடுபட்டார். அவர் பேசிய கூட்டங்களில் கலகக்காரர் புகுந்து கூச்சலிட்டனர்; அவருடைய கொடும்பாவியைத் தெருவில் இழுத்துச் சென்று கொளுத்தினர். 1863ஆம் ஆண்டில் அவரும் ஸ்டாண்டன் அம்மையாரும் பெண்கள் சங்கம் ஒன்றை நிறுவி, அடிமைமுறையை அரசியலமைப்பின் வாயிலாகவே ஒழிக்க வேண்டும் என்னும் விண்ணப்பத்தில் ஏறக்குறைய 4,00,000 கையொப்பங்களைத் திரட்டினர். 1865ஆம் ஆண்டில் 13ஆம் திருத்தம் நிறைவேறி, அடிமைமுறை ஒழிந்தது.

இனிப் பெண்களுக்கும் விடிவு பிறக்கும் என்று சூசன் நம்பினார். ஆனால், நிகழ்ந்தது வேறு. 1868ஆம் ஆண்டில் 14ஆம் திருத்தம் நிறைவேறியது. அதன் முதற்பிரிவு, அந்நாட்டில் பிறந்தோரும் குடியுரிமை பெற்றோரும் ஆகிய எல்லா மாந்தரும் குடிமக்களே என்று கூறியது. அதன் இரண்டாம் பிரிவோ, வாக்காளரைக் குறிக்குமிடத்து ஆண் என்னும் சொல்லைப் பெய்தது. அதுகாறும் அந்த அரசியலமைப்பில் அச்சொல் யாண்டும் இடம்பெற்றதில்லை. முன்னர்ச் சட்டம் பெண்ணைப் பற்றி வாய் பேசாதிருந்தது. இப்பொழுதோ வெளிப்படையாகவே அவளை ஒதுக்கியது. 1870ஆம் ஆண்டில் நிறைவேறிய 15ஆம் திருத்தம், இனம், நிறம், முன்னைய அடிமை நிலை ஆகியவற்றைக் காரணமாகக் காட்டி வாக்குரிமையை மறுத்தலாகாது என்று விதித்தது. அவற்றோடு பால் என்னும் ஒரு சொல்லையும் சேர்க்குமாறு பெண்கள் மன்றாடினர், அது சேர்க்கப்படவில்லை.

இதனால் நெடுநாள் நண்பர்களிடையே பிளவு தோன்றியது. கறுப்பின மக்களின் தலைவரும் பெண்ணுரிமைக்குத் துணை நின்றவருமான பிரடெரிக் டக்ளஸ், தம் மக்கள் தெருக்களில் கொல்லப்படும் அந்நாளில் அவர்களுக்கு வாக்குரிமை உயிர் காக்கும் கவசம் என்றும், அதனைத் தாழ்த்தலாகாது என்றும் எடுத்துரைத்தார். சூசனும் ஸ்டாண்டன் அம்மையாரும் அதனை ஏற்கவில்லை. அவ்வாதத்தின் வெம்மையில் கறுப்பின ஆடவரைத் தாழ்த்தும் சொற்களும் அவர்களிடமிருந்து பிறந்தன. அம்மக்களை இழித்துப் பேசிய செல்வர் ஒருவரின் பொருளுதவியையும் அவர்கள் ஏற்றனர். நீதிக்காகப் போராடுவோரும் சினத்தால் பிறர்க்கு நீதி தவறுதல் கூடும் என்பதற்கு இது சான்றாகும். பெரியோர் வாழ்வைக் கற்குங்கால் அவர்தம் நிறைகளோடு இத்தகைய குறைகளையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும். டக்ளஸ் அந்த மனக்கசப்பை வளர்க்கவில்லை. 1895ஆம் ஆண்டில் தம் வாழ்நாளின் இறுதி நாளிலும் அவர் வாஷிங்டன் நகரில் நடைபெற்ற பெண்கள் கூட்டத்திற்கு வந்து, சூசனோடு மேடையில் அமர்ந்திருந்தார்.

1868ஆம் ஆண்டில் சூசன் புரட்சி என்னும் பொருளுடைய பெயரில் ஒரு வார இதழைத் தொடங்கினார். இரண்டாண்டுகளில் அது நலிவுற்று, வேறொருவர் கைக்கு மாறியது. அதனால் நேர்ந்த 10,000 டாலர் கடனைத் தம் தலைமேல் ஏற்று, ஊர்தோறும் சொற்பொழிவாற்றிக் கிடைத்த பொருளைக் கொண்டு 1876ஆம் ஆண்டிற்குள் முழுவதும் தீர்த்தார்.

வாக்களித்த குற்றம்

14ஆம் திருத்தத்தின் முதற்பிரிவை மீண்டும் மீண்டும் படித்த சூசனுக்கு ஓர் எண்ணம் எழுந்தது. எல்லா மாந்தரும் குடிமக்கள் என்று சட்டம் கூறுகின்றது. பெண் மாந்தருள் ஒருத்தி அல்லளோ? மாந்தர் எனின், அவள் குடிமகள். குடிமக்களின் உரிமைகளை எந்த மாநிலமும் குறைத்தலாகாது என்று அச்சட்டமே விதிக்கின்றது. வாக்களித்தல் குடிமக்களின் தலையாய உரிமையன்றோ? இவ்வாதத்தை நீதிமன்றத்தில் நிலைநாட்ட அவர் துணிந்தார்.

1872ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள், ராச்செஸ்டர் நகரில் முடி திருத்தும் கடை ஒன்றில் வாக்காளர் பதிவு நடைபெற்றது. சூசன் தம் உடன்பிறந்தாருடன் அங்குச் சென்று, அரசியலமைப்பின் அப்பகுதியை அலுவலர்க்குப் படித்துக் காட்டித் தம் பெயரைப் பதியுமாறு வற்புறுத்தினார். இளைஞரான அவ்வலுவலர் தயங்கினர், பின்னர் இசைந்தனர். நவம்பர் 5ஆம் நாள், குடியரசுத் தலைவர் தேர்தலில் சூசனும் அப்பகுதியைச் சார்ந்த வேறு 14 பெண்டிரும் வாக்களித்தனர். சில நாள்கள் கழித்து அரசாங்க அலுவலர் ஒருவர் சூசனின் இல்லத்திற்கு வந்து, சட்டத்திற்கு மாறாக வாக்களித்த குற்றத்திற்காக அவரைக் கைது செய்தார்.

வழக்கு விசாரணைக்கு வருமுன் சூசன் ஓய்ந்திருக்கவில்லை. அம்மாவட்டத்தின் 29 ஊர்களுக்கும் சென்று, குடிமக்கள் வாக்களித்தல் குற்றமாகுமா என்று மக்களையே வினவினார். அங்குள்ளோர் நடுவராக அமர்ந்தால் அவருக்குச் சார்பாகத் தீர்ப்புக் கூறிவிடுவர் என்று அஞ்சிய அரசாங்கத் தரப்பினர், வழக்கை அடுத்த மாவட்டத்திற்கு மாற்றச் செய்தனர். சூசன் அம்மாவட்டத்து ஊர்களுக்கும் சென்று பேசினார்.

1873ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் கனன்டைகுவா என்னும் ஊரில் விசாரணை தொடங்கியது. உச்ச நீதிமன்றத்து நீதிபதியான வார்டு ஹண்ட் வழக்கைக் கேட்டார். குற்றம் சாட்டப்பட்ட சூசன் தம் சார்பில் சாட்சியம் கூறவும் இசைவு பெறவில்லை. வழக்கறிஞரின் வாதம் முடிந்ததும், நீதிபதி முன்னரே எழுதி வைத்திருந்த தம் கருத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் படித்தார். நடுவர் பன்னிருவரையும் கலந்து பேச விடாமல், குற்றவாளி என்றே தீர்ப்புக் கூறுமாறு பணித்தார்.

மறுநாள், தண்டனை விதிக்குமுன், கூற வேண்டுவது உண்டோ என்று நீதிபதி வழக்கப்படி வினவினார். அதுவே சூசனுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. அமருமாறு நீதிபதி பன்முறை ஆணையிட்டும் அவர் அமரவில்லை. ஆடவர் இயற்றிய சட்டத்தைக் கொண்டு, ஆடவர் பொருள் கூறி, ஆடவரே ஒரு பெண்ணுக்குத் தீர்ப்பு வழங்குதல் முறையாகாது என்றார். தப்பியோடிய அடிமைக்கு ஒரு குவளை நீரும் ஒரு கவளம் உணவும் கொடுத்தல் முன்னாளில் சட்டப்படி குற்றமாக இருந்ததையும், அறவோர் அதனை மீறியே அறம் காத்ததையும் நினைவூட்டினார். நீதிபதி 100 டாலர் தண்டம் விதித்தார். நேர்மையற்ற அத்தண்டத்தில் ஒரு டாலரும் செலுத்த இயலாது எனச் சூசன் அவையறியக் கூறினார். சொல்லியவாறே இறுதிவரை செலுத்தவுமில்லை. செலுத்தாமைக்காக அவரைச் சிறையில் அடைத்திருந்தால் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றிருத்தல் கூடும். அதனை அறிந்தே போலும், நீதிபதி அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை.

1875ஆம் ஆண்டில், மிசூரி மாநிலத்தைச் சார்ந்த வர்ஜீனியா மைனர் என்னும் பெண்மணியின் வழக்கில், உச்ச நீதிமன்றம் தன் முடிவைக் கூறியது. பெண்கள் குடிமக்களே, ஆயினும், குடிமக்கள் என்பதால் மட்டும் வாக்குரிமை வந்துவிடாது என்பது அத்தீர்ப்பு. உள்ள சட்டத்திற்குப் பொருள் கூறி உரிமை பெறும் வழி அடைபட்டது. சட்டத்தையே திருத்துதல் ஒன்றே எஞ்சிய வழியாயிற்று.

திருத்தம் கோரிய நெடும்பயணம்

அமெரிக்க அரசியலமைப்பைத் திருத்துதல் எளிதன்று. பிரதிநிதிகள் சபை, செனட் சபை ஆகிய இரண்டிலும் மூன்றில் இரு பங்கினர் இசைதல் வேண்டும். பின்னர், மாநிலங்களுள் நான்கில் மூன்று பங்கு அதனை ஏற்றல் வேண்டும். அவ்வவைகளில் அமர்ந்தோரோ ஆடவர். அவர்களைத் தேர்ந்தெடுத்தோரும் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஆடவரே. உரிமையைப் பெறாதவர், அதனை உடையவரின் மனத்தை மாற்றியே பெறுதல் வேண்டும். இவ்வருமை தெரிந்தும் சூசன் பின்வாங்கினாரல்லர்.

1878ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கலிபோர்னியா மாநிலத்து உறுப்பினரான ஆரன் சார்ஜெண்ட் என்பவர் செனட் சபையில் ஒரு திருத்தத்தைக் கொணர்ந்தார். குடிமக்களின் வாக்குரிமையைப் பால் வேற்றுமை காரணமாக நாட்டரசோ மாநில அரசோ மறுத்தலும் குறைத்தலும் ஆகாது என்பதே அதன் கருத்து. மிகச் சில சொற்களால் ஆகிய திருத்தம் அது. 1887ஆம் ஆண்டில் செனட் சபையில் வாக்கெடுப்பு நிகழ்ந்தபோது 16 பேரே சார்பாக வாக்களித்தனர். 34 பேர் எதிர்த்தனர். தோற்ற திருத்தம் மீண்டும் மீண்டும் கொணரப்பட்டது. ஒவ்வொரு முறையும் சூசன் வாஷிங்டன் நகருக்குச் சென்று, உறுப்பினர் குழுக்களின் முன் நின்று வாதாடினார்.

அதே வேளையில் மாநிலங்கள்தோறும் கிளர்ச்சி நடைபெற்றது. வயோமிங் என்னும் பகுதி 1869ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. 1890ஆம் ஆண்டில் அவ்வுரிமையோடு மாநிலமும் ஆயிற்று. 1893ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலமும், 1896ஆம் ஆண்டில் யூட்டா, ஐடகோ ஆகிய மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. 1896ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலும் முயற்சி நடந்தது. அப்பொழுது 76 வயது நிரம்பிய சூசன் அங்குச் சென்று பல திங்கள் பாடுபட்டார். ஆயினும், அம்முயற்சி தோல்வியுற்றது.

பிரிந்திருந்த பெண்கள் சங்கங்கள் 1890ஆம் ஆண்டில் ஒன்றாயின. அச்சங்கத்தின் தலைமையைச் சூசன் 1892ஆம் ஆண்டு முதல் 1900ஆம் ஆண்டு வரை ஏற்றிருந்தார். ராச்செஸ்டர் பல்கலைக்கழகம், 50,000 டாலர் திரட்டித் தந்தால் பெண்களையும் மாணவராகச் சேர்ப்பதாக அறிவித்திருந்தது. 1900ஆம் ஆண்டில், குறித்த கெடு முடியும் நாளில் 2,000 டாலர் குறைந்தது. முதுமையில் தமக்கு உதவும் என வைத்திருந்த ஆயுள் காப்பீட்டுத் தொகையையே சூசன் ஈடாகக் கொடுத்தார். அவ்வாண்டே அப்பல்கலைக்கழகத்தின் வாயில் பெண்களுக்குத் திறந்தது.

இறுதி நாள்கள்

1902ஆம் ஆண்டில் ஸ்டாண்டன் அம்மையார் மறைந்தார். உயிர்த் தோழியை இழந்த துயரம் சூசனைப் பெரிதும் வாட்டியது. எனினும், பணியை அவர் கைவிடவில்லை. 1906ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தம் 86ஆம் பிறந்தநாள் விழாவில் பேசியபோது, தம்மோடு உழைக்கும் மங்கையரைச் சுட்டிக் காட்டி, இத்தகையோர் இருக்கும்போது இம்முயற்சி தோல்வி காண்பது இயலாத செயல் என்னும் கருத்துப்படக் கூறினார். அடுத்த மாதம் 13ஆம் நாள், ராச்செஸ்டர் நகரில் தம் இல்லத்தில் அவர் உயிர் நீத்தார்.

அவர் மறைந்தபோது, நான்கே மாநிலங்களில் பெண்கள் முழு வாக்குரிமை பெற்றிருந்தனர். அரசியலமைப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 1872ஆம் ஆண்டில் தாம் செலுத்திய வாக்கிற்காகக் குற்றவாளி எனப்பட்ட சூசன், குற்றமற்ற முறையில் வாக்களிக்கும் நாளைக் காணாமலே கண் மூடினார்.

விதைத்தது விளைந்தது

சூசன் மறைந்தாலும் அவர் மூட்டிய தீ அவியவில்லை. அடுத்த தலைமுறைப் பெண்கள் ஊர்வலம் சென்றனர், சிறை புகுந்தனர், மாநிலம் மாநிலமாக வென்றனர். 1919ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் பிரதிநிதிகள் சபையிலும், ஜூன் 4ஆம் நாள் செனட் சபையிலும் திருத்தம் நிறைவேறியது. 41 ஆண்டுகளுக்கு முன் சார்ஜெண்ட் கொணர்ந்த அதே வாசகமே இப்பொழுதும் நிறைவேறியது.

அந்நாளில் இருந்த 48 மாநிலங்களுள் 36 மாநிலங்கள் அதனை ஏற்றல் வேண்டும். முப்பத்தைந்து ஏற்றன. முப்பத்தாறாவதாக டென்னசி மாநிலத்தின் சட்டமன்றத்தில், 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், அது வாக்கெடுப்பிற்கு வந்தது. இரு பக்கமும் சமனாக நின்றன. ஹாரி பர்ன் என்னும் 24 வயது இளைஞர் எதிர்ப்போர் பக்கம் இருந்தவர். அவர்தம் சட்டைப் பையில் அவருடைய தாயார் எழுதிய மடல் ஒன்று இருந்தது; திருத்தத்திற்குச் சார்பாக வாக்களிக்குமாறு அத்தாய் அதில் அறிவுறுத்தியிருந்தார். மகன் தாய்சொல்லைத் தட்டவில்லை. அவருடைய வாக்கினால் திருத்தம் வென்றது. ஆகஸ்டு 26ஆம் நாள் அது 19ஆம் திருத்தமாக அரசியலமைப்பில் சேர்ந்தது. வாக்கில்லாத ஒரு தாயின் சொல், கோடிக்கணக்கான பெண்களுக்கு வாக்குரிமை பெற்றுத் தந்த வியப்பை என்னென்பது! அத்திருத்தத்திற்குச் சூசன் அந்தோணியின் பெயரையே மக்கள் வழங்கினர்.

எனினும், சட்டத்தில் எழுதிய உரிமை அன்றே எல்லார் கைக்கும் வந்துவிடவில்லை. தென் மாநிலங்களில் தலைவரியும் எழுத்தறிவுத் தேர்வும் அச்சுறுத்தலும் கறுப்பினப் பெண்களையும் ஆண்களையும் வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்தின. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்திற்குப் பின்னரே அத்தடைகள் பெரிதும் நீங்கின. உரிமையை எழுதுதல் முதற்படி. எழுதியதை நடைமுறைப்படுத்துதல் அடுத்த படி. முன்னதின்றிப் பின்னதில்லை, பின்னதின்றி முன்னதற்குப் பயனில்லை.

1979ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் சூசனின் உருவம் பொறித்த டாலர் நாணயத்தை வெளியிட்டது. 2020ஆம் ஆண்டில், திருத்தத்தின் நூற்றாண்டு விழாவன்று, அந்நாள் குடியரசுத் தலைவர் சூசனுக்கு விதித்த தண்டனையை மன்னிப்பதாக அறிவித்தார். ஆனால், சூசனின் இல்லத்தில் இயங்கும் நினைவு நிலையத்தார் அம்மன்னிப்பை ஏற்க மறுத்தனர். மன்னிப்பை ஏற்றால், அந்த விசாரணை முறையானது என்று ஒப்புக்கொண்டதாகும் என்பது அவர்தம் கருத்து. குற்றம் செய்தோர்க்கன்றோ மன்னிப்பு வேண்டும்?

பனங்கொட்டையை ஊன்றுவோர் அதன் நுங்கைத் தாம் உண்போம் என்று எண்ணி ஊன்றுவதில்லை. அடுத்து வரும் தலைமுறைக்குப் பயன்படும் என்று எண்ணியே ஊன்றுகின்றனர். சூசன் அந்தோணி அம்மையாரின் தொண்டும் அத்தகையதே. இன்று பதினெட்டு வயது நிரம்பியதும் எளிதாகக் கைக்கு வரும் வாக்குச் சீட்டு, முன்னாளில் ஒரு மூதாட்டி பனியிலும் வெயிலிலும் வாயில்தோறும் நின்று வேண்டியும் தம் வாழ்நாளில் பெற முடியாத செல்வமாகும். அதன் அருமையை உணர்ந்து, தவறாது நேர்மையுடன் அதனைப் பயன்படுத்துதலே அவ்வம்மையார்க்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கமாகும்.